வயதின் மேல் போடும் பழி: முற்றிய எம்.எஸ். நோயோடு வாழும் பெற்றோரும் நம் வீடுகளும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவது நம் வழக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. நான் மருத்துவர் இல்லை, தமிழாசிரியை. எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயோடு வாழ்பவர் என் அம்மா. அறுபதுகளின் கடைசியில் இருக்கிறார். நிற்கவோ நடக்கவோ முடியாது. வலது கை மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. பேச்சு மெதுவாக வரும். ஆனால் வீட்டுக் கணக்கு வழக்கு இன்றும் அவர் கையில்தான்.

இந்த நோய் முற்றிய பெற்றோர் நம் வீடுகளில் படும் துன்பங்களில் பல, தடுக்கக்கூடியவை. இல்லையென்றால் மருந்தாலும் பயிற்சியாலும் தணிக்கக்கூடியவை. ஆனால் ஒரே ஒரு வாக்கியம் அத்தனைக்கும் கதவைச் சாத்திவிடுகிறது. "வயசாயிருச்சுலா, அப்படித்தான் இருக்கும்." பக்கத்து வீட்டார் அதை அன்போடுதான் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். சில சமயம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு மருத்துவத்தில் ஓர் உருவம் கொடுத்தவர் ழான் மார்த்தன் ஷார்கோ. 1868ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனை. ஆதரவற்ற முதிய பெண்களும் தீராத நோய் கண்ட பெண்களும் ஆயிரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்த இடம் அது. கிழவிகளுக்குக் கை நடுங்கத்தான் செய்யும் என்று ஷார்கோ போயிருக்கலாம். அவர் நின்று பார்த்தார். கை சும்மா கிடக்கும்போது வரும் நடுக்கம் ஒன்று. ஒரு பொருளை எடுக்கக் கை நீளும்போது வரும் நடுக்கம் வேறொன்று. முதலாவது நாம் இன்று பார்க்கின்சன் என்று சொல்லும் நோய், இரண்டாவது எம்.எஸ். நோயின் அடையாளம். இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட தழும்புகளோடு, அவர்கள் உயிரோடிருந்தபோது எழுதி வைத்த குறிப்புகளைப் பொருத்திப் பார்த்தார். எல்லா நடுக்கத்தையும் வயதின் கணக்கில் எழுதாமல் விட்டதால் கிடைத்த அறிவு இது.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அந்த உறையைத் தாக்கி அழிக்கிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் செய்தி தாமதமாகிறது, சில இடங்களில் நின்றே போகிறது. பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உலகம் முழுவதும் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனோடு வாழ்கிறார்கள். கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் லட்சத்தில் நூறு பேருக்கும் மேல். மலேசியாவில், கோலாலம்பூர் மருத்துவமனையின் நரம்பியல் நிபுணர் சாந்தி விஸ்வநாதனும் அவர் குழுவினரும் நாடு தழுவிச் செய்த ஆய்வின்படி, லட்சத்தில் ஏறத்தாழ மூன்று பேர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டான் சோங் டின் இந்நாட்டு நோயாளிகளைப் பற்றி 1988இல் எழுதியபோதே, இங்கே கண் நரம்பும் தண்டுவடமும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதைக் குறித்தார். எம்.எஸ். போலவே தோன்றி, சிகிச்சையில் வேறுபடும் என்.எம்.ஓ. என்ற நோயை இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய வழி கிடைத்தது 2004க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் நோய்ப் பெயர் எழுதப்பட்ட பெற்றோர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பெயர் இன்றும் சரிதானா என்று நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள்.

லட்சத்தில் மூன்று என்பதை நம் குடியிருப்புத் தாமானுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முக்குக் கடை கிளினிக் டாக்டர் தன் வாழ்நாளில் ஓர் எம்.எஸ். நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அதிலும் முதியவர் என்றால் மருத்துவ ஆராய்ச்சியே அவரை வாசலில் நிறுத்திவிட்டது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகை எம்.எஸ். நோய்க்கு முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற மருந்து ஓக்ரலிசுமாப், ஆண்டு 2017. அதற்கு வழிவகுத்த ஆய்வில் 18 வயதிலிருந்து 55 வயது வரை உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். அதுவும் ஊன்றுகோலின் துணையோடாவது நடக்கக்கூடியவர்களை மட்டும். என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. ஆகவே அவர்களுக்கு மருந்துச் சீட்டைவிட வீட்டில் நடக்கும் கவனிப்பே பெரிய சிகிச்சை.

அந்தக் கவனிப்பில் முதலாவது, நம் ஊர் வெயில்.

1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடற்பயிற்சி செய்தபின் சில நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கண்டார். காரணம் உடற்பயிற்சியல்ல, உடல் சூடு என்று பின்னால் வந்தவர்கள் தெளிந்தார்கள். மயலின் உறை தேய்ந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே செய்தி தடைபடும். காலையில் கரண்டியைப் பிடித்த கை, மதியம் இரண்டு மணிக்குப் பிடிக்காது. சூடு தணிந்தால் திரும்பி வரும். நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் இல்லை. குளிர் நாடுகளில் பிறந்த கையேடுகள் இதை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடும். நமக்கோ ஆண்டு முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி. மேற்குப் பார்த்த அறை, அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சமையல்கட்டு, நாலு மணி வெயிலில் கிளினிக் வாசலில் காத்திருப்பது, இவையெல்லாம் அந்த நோயாளிக்கு நோயின் பகுதிகள்.

அதனால் அம்மாவின் கட்டிலை வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றினோம். அது வரவேற்பறையாக இருந்தது. வருபவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உடம்பு வலிக்கு வெந்நீர் ஊற்றினால் இதமாக இருக்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம், எம்.எஸ். நோயாளிக்கு வெந்நீர்க் குளியல் ஆபத்து. குளியலறையிலேயே கை கால் சோர்ந்து சரிந்துவிடுவார்கள். வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர் போதும். குளிரூட்டியை இவர்களுக்கு ஆடம்பரம் என்று யாரும் சொல்லாதீர்கள். மின்கட்டணம் கட்ட முடியாத வீடுகளில் ஈரத்துணியும் மேசை விசிறியும் பெரும் உதவி செய்கின்றன. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக வேண்டும் என்று அம்மா கேட்டால், கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் அடிவாரம் வரை போய் வருகிறோம்.

வெளிச்சூட்டைப் போலவேதான் காய்ச்சலும். நேற்று வரை பேசிய அப்பா இன்று வாய் குழறுகிறார், தலை நிமிரவில்லை என்றால், வீட்டில் எல்லாரும் "முடிவு வந்திருச்சு" என்று சொந்தங்களுக்குப் போன் அடிக்கத் தொடங்குவார்கள். பல நேரம் அது சிறுநீர்த் தொற்று. எம்.எஸ். முற்றியவர்களுக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது. எரிச்சலை உணரும் நரம்பே பழுதாகியிருப்பதால் வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதுமில்லை. அடிக்கடி துணி மாற்றச் சொல்லக் கூச்சப்பட்டு நம் அம்மாக்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள்; தொற்றும் மலச்சிக்கலும் இன்னும் கூடும். உரிய மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் பேச்சு திரும்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பக்கவாதமாகவும் இருக்கலாம், ஆகவே மருத்துவமனைக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடியதும் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதற்குத்தான் கட்டில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன்: உடல் சூடு, குடித்த தண்ணீர், சிறுநீரின் நிறம், கால் இழுப்பு. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே 1822இல் தொடங்கிய தன் நோயைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேல் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1940களில் அது வெளிவந்தபோது, படித்தவர்களுக்கு எம்.எஸ். என்று புரிந்தது. நம் நோட்டு நூறு ஆண்டு காத்திருக்க வேண்டாம். அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் கையில் எடுத்துப் போனால் போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் வீட்டுச் சாப்பாட்டில் விழுங்குவதற்கு மிகக் கடினமானது எது தெரியுமா? ரசம். தண்ணீர், தேநீர், ரசம் மூன்றும் தொண்டையில் வேகமாக ஓடும். விழுங்கும் தசைகள் தாமதமாக மூடும். சுவாசக் குழாய்க்குள் இறங்கிவிடும். உடனே இருமல் வந்தால் அதிர்ஷ்டம். சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் தொல்லைதான், வாயில் திடமும் திரவமும் கலந்து இருப்பதால். குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பு, தயிர் பிசைந்தது, கெட்டியான கேழ்வரகுக் கூழ் ஆகியவை இறங்கும். நேராக உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, தேக்கரண்டியில் பாதி. விழுங்கியது தெரிந்தபின் அடுத்தது. சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது. அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் விழுங்கும் திறனைச் சோதித்து, எந்தக் கெட்டியில் கொடுக்கலாம், மோவாயைத் தாழ்த்துவது இவருக்குப் பொருந்துமா என்று சொல்வார்கள். அவர்கள் பேச்சுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பல குடும்பங்கள் போவதே இல்லை.

அடுத்து தோல். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவப்பது என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. நம் தோலில் சிவப்பு தெரியாது. கையேட்டுப் படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்மவர்களுக்கு அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கருத்தோ ஊதா கலந்தோ தெரியும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கையால் பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், காதின் பின்புறம். அப்படி ஓர் இடம் தென்பட்டால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தேய்க்கவே கூடாது. உள்ளே நைந்த திசு இன்னும் சிதையும். அந்த இடத்தில் எடை படாமல் வைப்பதுதான் வைத்தியம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையும் வாங்காதீர்கள். அது சுற்றுப்புறத் தோலுக்கு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

கால்கள் விறைத்து இழுப்பதற்குப் பெரும்பாலும் பாக்லோபென் கொடுப்பார்கள். நல்ல மருந்து. ஆனால் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்கலாம் என்று திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். இழுப்பு வழக்கத்தைவிடக் கூடினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் காரணம் தேடுங்கள்: நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த கால் நகம்.

மனம் பற்றி நாம் பேசுவதே குறைவு. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு யோசனையின் வேகம் குறைகிறது. மறதி நோய் அல்ல இது. கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரமாகிறது. நாம் அவசரப்பட்டு அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு, "அம்மாவுக்குப் புரியல" என்று முடிவு கட்டுகிறோம். சிலருக்கு அடக்க முடியாத சிரிப்போ அழுகையோ வரும். அவர்கள் மனநிலைக்கும் அதற்கும் தொடர்பே இராது. துக்க வீட்டில் ஒருவர் சிரித்துவிட்டார் என்று உறவே முறிந்த கதை எனக்குத் தெரியும். அதுவும் நரம்பின் வேலைதான் என்று யாராவது ஒருவர் அங்கே சொல்லியிருந்தால் போதும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் உண்மையான மனச்சோர்வும் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. முதியவர் என்பதற்காக மறுக்கக் கூடாது.

வீட்டுக்கு வெளியே வந்தால் நகரம் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பதித்திருக்கும் தொடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், அந்தப் பேட்டை அவர்களுக்கேற்பத் தன்னை ஓரளவு மாற்றிக்கொண்டது. ஒரு பேட்டை மனம் வைத்தால் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சக்கர நாற்காலிக்கு அதே நடைபாதை இன்னும் திறக்கவில்லை. தொடுகல்லின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. லிப்ட் பழுதானால், எட்டாம் மாடியில் படுத்திருப்பவர் மருத்துவச் சந்திப்பை இழக்கிறார். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. அப்போது மீறுபவர்களுக்குத் தண்டனை என்று அதில் எதுவும் வைக்கவில்லை.

2021 டிசம்பர் 18 கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மறக்காது. தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. மேல்மாடியிலும் கூரையிலும் மக்கள் உணவின்றிக் காத்திருந்தார்கள். தாழ்வான இடத்தில் படுக்கையில் ஒருவரை வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: மாடிக்குத் தூக்கிப் போகும் நால்வர் யார்? அவர்கள் பெயரும் போன் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கட்டும். ஒரு வார மருந்து தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். காற்று மெத்தைக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சாதாரணப் பஞ்சு மெத்தை ஒன்றும் கைவசம் வேண்டும்.

உதவித் தொகையைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கேட்பதற்கே கூசுகிறார்கள். சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை எடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பார்த்துத் தரும் மாத உதவி 2021இல் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியானது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் பராமரிப்பாளர் செலவுக்கும் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. வேலைக்குப் போகும் மகனும் மகளும் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பெற்றோரைப் பார்க்கவென்று தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. இதை நம் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டும். 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து கட்டணமின்றி வலித் தணிப்புக் கவனிப்புத் தருகிறது. வலித் தணிப்பு என்றாலே புற்றுநோய், சாவு என்று பயந்து பேச்சை மாற்றாதீர்கள். முற்றிய நரம்பு நோய்க்கும் அது பொருந்தும். கடைசி மாதத்தில் அல்ல, ஆண்டுகள் இருக்கும்போதே கேட்கலாம்.

இனி, மிக முக்கியமாக எனக்குப் படுவது. ஒரு மருத்துவர், வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுப்பது பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் சக்கர நாற்காலியில். மருத்துவரின் பார்வை அவர் தலைக்கு மேலேயே போய் வந்தது. அம்மா சொல்லத் தொடங்கி முடிக்கச் சற்று நேரமானது. "என்னையக் கேளுங்க டாக்டர். தொண்டை என்னோடது." மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார், அது அவருடைய பெருந்தன்மை. வீட்டுக்கு வந்தபின் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போனில், குழாய் வைத்துவிடலாம், அதுதான் பாதுகாப்பு என்றான். வேண்டாம், சாப்பாட்டு ருசி போய்விடும் என்றார் சித்தி. அம்மா இருவரையும் பேசவிட்டுக் கடைசியில், "நான் இன்னும் முடிவு பண்ணல. பண்ணா சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பண்ண வேணாம்" என்றார். அதைக் கட்டில் பக்கத்து நோட்டில் தேதி போட்டு எழுதி, அவரையே கைநாட்டு வைக்கச் சொன்னேன். கைநாட்டு வேண்டாம் என்று, கோணல்மாணலாக, கையெழுத்தே போட்டார்.

பேச்சு வரும் வரை பேசிவிடுங்கள். குழாய் வேண்டுமா, மூச்சுக்கு இயந்திரம் வேண்டுமா, கடைசி நாட்கள் வீட்டிலா மருத்துவமனையிலா. அபசகுனம் என்று தள்ளிப்போட்டால், அவர்களால் சொல்ல முடியாத ஒரு நாளில் நாம் அவர்களுக்காக ஊகிக்க வேண்டிவரும்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது ஒரு மகள், அல்லது மருமகள். "நீதான் நல்லாப் பாத்துக்கிற" என்று பாராட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதுகெலும்பு போனபின் பாராட்டு உதவாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வழுக்குத் துணியும் தூக்கு இயந்திரமும் இருக்கின்றன. மறுவாழ்வு மருத்துவமனையில் உடலியக்கப் பயிற்சியாளர் அரை நாளில் கற்றுத் தருவார். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள். அவருக்கும் முதுகு உண்டு, வார ஓய்வு உண்டு.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியில் இரண்டு தூக்கு இயந்திரங்களும் சில காற்று மெத்தைகளும் வாங்கி, கிள்ளானில் ஒன்றும் பிரிக்பீல்ட்ஸில் ஒன்றுமாக இரவல் கொடுக்கும் இடம் வையுங்கள். இந்த அரங்கில் இருப்பவர்கள் யாராவது, படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு மாலை போய் மூன்று மணி நேரம் உட்காருங்கள். பழம் வாங்கிப் போக வேண்டாம். அந்த மகள் வெளியே போய் வரட்டும்.

சமூகநல இலாகாவின் விண்ணப்பப் படிவங்கள் கொண்டுவந்திருக்கிறேன். மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருப்பேன். நிரப்பத் தெரியாதவர்கள் அடையாள அட்டையோடு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.